மூடி போட்ட பாட்டில்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மழை வருவதுபோல் நேற்று இடித்ததெல்லாம் வெறும் பயமுறுத்தல். தண்ணீர் லாரியும் வரவில்லை.

ஊசி இரண்டு. தொப்புளுக்கு இடது பக்கம். நேற்று வலது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் போட்டுக்கொள்கிறேன், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. ஆல்வின் கதவுக்கு வெளியே காவல். கணவன் என்ற பதவிக்கு இந்த மாதம் அவ்வளவுதான் வேலை.

இது இரண்டாவது முயற்சி. அத்தைக்குத் தெரியாது. முதல் முயற்சியும் தெரியாது. மூன்று வருஷம் முன்பு கரு தானாகத் தங்கியபோது மட்டும் தெரியும். அப்போது ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் பெண்கள் கூட்டத்தில் நான் ஜெபக்குறிப்பு ஆகிவிட்டேன். கரு கலைந்த பிறகு ஒவ்வொருத்தராக வந்து, கையைப் பிடித்து, கண்ணை மூடி ஜெபித்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள். காபி போட்டது நான். இனி எந்தக் கூட்டத்துக்கும் நான் குறிப்பாக இருக்கப் போவதில்லை.

ஊசி குத்துவது கஷ்டமில்லை. குத்திய ஊசியை எங்கே போடுவது என்பதுதான் பெரிய பாடு. அத்தை எங்கள் ப்ளாக் சங்கத்துக்குச் செயலாளர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்வு எடுக்கவில்லை. குப்பை வண்டி வரும் முன்பே கேட்டில் நிற்பார். மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காதது நீலம், நாப்கினும் டயப்பரும் பேப்பரில் சுற்றித் தனியாக. ஒவ்வொரு பையிலும் மார்க்கரால் வீட்டு நம்பர். பால் கவரோடு சோறு ஒட்டியிருந்தால் பையை எடுத்துக்கொண்டு படி ஏறி வந்துவிடுவார். முதலில் சோதனை ஆவது எங்கள் வீட்டுப் பை. அதில் மட்டும் அவர் நியாயமானவர்.

க்ளினிக்கில் வெள்ளை டப்பா ஒன்று கொடுத்தார்கள். ஊசியெல்லாம் அதில் போட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். டிபன் டப்பா அளவு, மேலே சிவப்பில் எச்சரிக்கை. இதை எந்த அலமாரியில் ஒளிப்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் முறைத்தாள்.

அதனால் பச்சை நிறக் குளிர்பான பாட்டில். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. இன்று நிறைந்தது. மூடியை ஆல்வினிடம் கொடுத்து இறுக்கச் சொன்னேன். கேட் பக்கத்தில் பாட்டிலுக்கென்றே ஒரு சாக்கு தொங்குகிறது. அதற்கு நம்பர் கிடையாது, எல்லா வீட்டுக்கும் பொது. ஸ்கூலுக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டேன். இதைவிட பத்திரமாக யார் செய்வார்கள் என்று ஒரு திருப்தி.

வாங்க: இட்லி அரிசி, சலவை சோப்பு, மார்க்கர் (அத்தைக்கு, கறுப்பு).

ஜூலை 8, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

காலையில் படி இறங்கும்போதே சத்தம். கேட்டில் பேட்டரி வண்டி நிற்கிறது, குப்பைப் பாட்டு அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் நிறுத்தவில்லை. கன்னியம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அவள்தான். வலது உள்ளங்கையிலிருந்து ரத்தம். அத்தை குழாயடியில் அவள் கையைப் பிடித்து சோப்புப் போட்டுக் கழுவுகிறார். பக்கத்தில் பச்சை பாட்டில். சிமென்ட் தரையெல்லாம் என் ஊசிகள்.

நான் நாலாவது படியிலேயே நின்றுவிட்டேன்.

கன்னியம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். "மூடியோட குடுத்தா காயலான் கடைல எடுக்க மாட்டான் மேடம். மூடி தனி, பாட்டிலு தனி. தொறந்து கவுத்து, மெதிச்சிதான் போடணும். உள்ள கலகலன்னுச்சு. புள்ளைங்க சில்லற கில்லற போட்டு வெச்சிருக்கும்னு கையில கொட்டுனேன்."

ஒவ்வொரு பாட்டிலையும் அவள் திறப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தினமும் பார்த்திருக்கிறேன். ஸ்கூட்டரை எடுக்கும்போது அவள் காலால் பாட்டிலை நசுக்கும் சத்தம் தினமும் கேட்கும். கேட்டு என்ன?

அத்தை ஆட்டோ பிடித்து அவளை ஜி.எச்.சுக்குத் தானே கூட்டிக்கொண்டு போனார். நான் ஸ்கூலுக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புக்கு எக்செல் நடத்தினேன். நடத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் அத்தை சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னது: "யார் ஊசின்னு தெரியாததால எச்.ஐ.வி. வராம இருக்க மாத்திரை. ஒரு மாசம் விடாம சாப்பிடணும். மஞ்சள் காமாலைக்கு வேற ஊசி போட்டாங்க. ஊசி யாருதுன்னு தெரிஞ்சு, அவங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னா மாத்திரையை நிறுத்திடலாமாம். டாக்டர் அம்மா தெளிவா சொன்னாங்க. நான் கண்டுபிடிச்சுக் காட்டறேன்."

கண்டுபிடிப்பார். நாற்பது வருஷம் பிள்ளைகளின் காப்பியடித்தலைக் கண்டுபிடித்தவர்.

ராத்திரி ஊசி போடும்போது ஆல்வினிடம் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "அம்மா பாட்டிலைப் பாத்தாங்களா?"

ஜூலை 9, புதன்

மேகமூட்டம். புழுக்கம் தாங்கவில்லை.

கன்னியம்மா இன்றும் வேலைக்கு வந்தாள். முகம் வீங்கி, கண் உள்ளே போய். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கொப்பளித்தாள்.

"லீவு போட்டா சூப்பரவைசரு வேற ஆள போட்டுருவான் மேடம். இன்னா மாத்திர இது, தல கிர்ருனு சுத்துது. வாயெல்லாம் கசப்பா கீது."

"வீட்ல சொன்னீங்களா?"

"எப்டி சொல்றது? மாத்திர குடுக்குற அந்த வார்டு போர்டுல இன்னா எழுதிகீதுன்னு ஊருக்கே தெரியும். எங்க ஊராளு ஒருத்தன் என்னிய அங்க பாத்துட்டு, பாத்துகினே போனான். வூட்ல தெரிஞ்சா பேஜாராயிடும். பித்தம்னு சொல்லி வெச்சிகீறேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "மோர் தரட்டுமா" என்று வந்தது. என்மேல் எனக்கே அருவருப்பு.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், கொசு. கீழ்வீட்டு சாமுவேல் அங்கிளுக்குச் சர்க்கரை. அவர் தன் இன்சுலின் பேனாவை எடுத்து வந்து எல்லார் முகத்துக்கு முன்பும் ஆட்டினார். "என்னுது பேனா. அது சிரிஞ்சு. கண் தெரியுதா?" யாரும் அவரைச் சொல்லவே இல்லை.

பிறகு பேச்சு மூன்றாவது மாடிக்குப் போனது. அங்கே நான்கு பையன்கள், வாடகைக்கு. ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே வந்து ஹாரன் அடிக்கும், அது ஒன்றுதான் அவர்கள் செய்த குற்றம்.

"பேச்சுலர் பசங்க. சிரிஞ்சு வேற. சொல்லணுமா?" என்றார் ஒருவர்.

"போதை ஊசியா இருக்கும்ங்கிறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பிரகாஷ் என்ற பையன் மட்டும் இருந்தான், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே இறங்கி வந்தான். "எங்க ரூம்ல வந்து பாத்துக்குங்க ஆன்ட்டி" என்றான். போய்ப் பார்த்தார்கள். தலையணைக்கு அடியில்கூட. ஒன்றும் இல்லை. இல்லாததே சந்தேகத்தைக் கூட்டிவிட்டது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று ஒரு குரல்.

அத்தை எழுந்து நின்று சொன்னார், "ஓனருக்கு ஃபோன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள யார்னு ஒத்துக்கணும். இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணணும். அந்தப் பொண்ணு கையப் பாத்தது நான். எனக்குத் தூக்கம் வரலை."

கூட்டத்தில் நியாயமாகக் கோபப்பட்ட ஒரே ஆள் என் மாமியார்தான். அவருடைய மருமகள் பின்வரிசையில் கொசு அடித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி: 2. இடது. நீலமாகக் கன்றிவிட்டது. பயன்படுத்தியவை இப்போது என் கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் லாரி வந்தது. விடைத்தாள் திருத்தவில்லை.

வண்டியில் இன்று வேறு ஆள், வயதானவர். கன்னியம்மா எங்கே என்று கேட்டேன். "அது முடியலன்னு படுத்துகினுகீதாம்." அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. பாட்டில் சாக்கை அவர் தொடவில்லை. குச்சியால் தள்ளிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆல்வினுடன் சண்டை. காருக்குள்தான். வீட்டில் சண்டை போடவும் எங்களுக்கு இடம் இல்லை. குரோம்பேட்டை சிக்னலில் நின்றுகொண்டு கத்தினோம். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன்: "அடுத்த வாரம் கருமுட்டை எடுக்கற வரைக்கும் பொறு. டென்ஷன் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கள்ல?"

நான்: "அவளுக்கு டென்ஷன் ஆகலாமா?"

அவன்: "மாத்திரை சாப்பிடுறாங்கள்ல. அவங்களுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. உன்கிட்ட நோய் இல்லைன்னு நமக்குத் தெரியும்."

நான்: "நமக்குத் தெரியும். அவளுக்கு யார் சொல்றது?"

அவன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டான். அவன்மேல் பயங்கரக் கோபம். இரண்டு நாளாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அது, வார்த்தை மாறாமல்.

மதியம் க்ளினிக் நர்ஸுக்கு ஃபோன். அன்று முறைத்தவள்தான். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "டப்பா குடுத்தேனேக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அவள் சொன்ன வழி: ஊசி ஆரம்பிக்கும் முன்பே எனக்கு எல்லா ரத்தப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜி.எச். டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் மாத்திரையை நிறுத்துவார்கள். நேரே அந்த டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். யாருடைய ஊசி என்று கன்னியம்மாவிடம் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் விதி.

பெயர் வெளியே வராது. இதைக் கேட்டதும் உடம்பு லேசானது. அப்படி லேசானதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. நாளை ஸ்கேன் முடிந்ததும் போகிறேன். ஆல்வினிடம் சொல்லவில்லை.

மேல்மாடிப் பையன்கள் பற்றி நாளைக்கு யோசிக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

ஸ்கேன் நன்றாக இருக்கிறது. திங்கள் காலை முட்டை எடுக்கிறார்கள். சந்தோஷமாக எழுத வேண்டிய வரி.

பிறகு ஜி.எச். மாடியில் அந்த வார்டு. துப்பட்டாவை முகத்தில் பாதி மூடிக்கொண்டேன். எத்தனை பேர் அப்படி மூடிக்கொண்டு நடக்கிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

டாக்டர் என்னைவிட இளையவள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. "வந்தீங்களே, நல்லது. இன்னும் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

பெஞ்சில் கன்னியம்மா.

நேராக என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து நின்றாள். முதலில் அவளுக்கும் திடுக்கென்றுதான் இருந்தது. இந்த வார்டில் இந்த அம்மாவுக்கு என்ன வேலை என்று. பிறகு அவளே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னியப் பாக்கவா வந்தீங்க மேடம்?"

நான் தலையாட்டினேன்.

ஆமாம், தலையாட்டினேன். இதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வலது கை, நடுவில் சின்னதாக பிளாஸ்டர். "மாத்திர ஒத்துக்கலன்னு காட்ட வந்தேன். எங்க சூப்பரவைசரு கூட வர்ல. வூட்டாளுக்கும் தெரியாது. எனக்கு இன்னா ஆச்சுன்னு கேக்க ஒரு நாதி இல்ல. நீங்க வந்து குந்திகினு கீறீங்க." அழுதாள். நானும் அழுதேன். அதை வேறு அவள் தனக்காக என்று எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் முதலில் என்னைத்தான் உள்ளே கூப்பிட்டாள். எல்லாம் நெகட்டிவ். பிறகு கன்னியம்மாவை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே டாக்டர் சொல்வது கேட்டது: "ஊசி யாருதுன்னு தெரிஞ்சிடுச்சும்மா. அவங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல. மாத்திரையை இன்னியோட நிறுத்திக்கலாம்."

கன்னியம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யாருன்னு சொல்ல மாட்டேன்றாங்க மேடம். யாரா இருந்தா இன்னா. நிறுத்திட்டாங்க."

ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். கோவிலம்பாக்கம் போக வேண்டும் என்றாள். ஆட்டோ திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

முடிந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இப்படித்தான் ஆல்வினிடம் சொன்னேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான். அந்தப் பக்கம் அத்தை ஃபோனில் வீட்டு ஓனரிடம், "ஞாயித்துக்கிழமை நானே நின்னு சாவி வாங்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி ஊசி நாளை ராத்திரி. நேரம் தவறக் கூடாது என்று அலாரம் வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

உட்கார்ந்தேன், எழுந்து போனேன், மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். காலையில் தூறல். இப்போது விட்டுவிட்டது.

குப்பைப் பாட்டு கேட்டதும் நானே பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கன்னியம்மா திரும்ப வந்திருந்தாள். தலைக்குக் குளித்து, கனகாம்பரம். அத்தை கேட்டில் வழக்கமான இடத்தில். பிரகாஷ் படிக்கட்டு ஓரம் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான், காலி செய்ய.

கன்னியம்மா என்னைப் பார்த்ததும் அத்தையிடம் ஆரம்பித்தாள். "உங்க மருமவ தங்கம் மேடம். நேத்து ஆஸ்பத்திரிக்கே வந்து என்னியப் பாத்தாங்க. என்கூட குந்திகினு அழுதாங்க. மாத்திரகூட நிறுத்திட்டாங்க. ஊசி யாருதுன்னு தெரிஞ்சிடுச்சாம்."

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நேத்து நீ ஸ்கூலுக்குப் போகலையா?"

"இல்லத்தை."

"கன்னியம்மா அங்க இருப்பான்னு உனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. காப்பியடித்த பிள்ளையைப் பார்க்கும் அந்தப் பார்வை. ஆனால் நான் உண்மையைச் சொன்னது அதற்குப் பயந்து இல்லை. பக்கத்தில் அந்தப் பையன் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான், டேப் கிழியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கன்னியம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு நிமிஷம் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"பாட்டில் என்னுது" என்றேன். "ஊசி என்னுது. குழந்தைக்காகப் போட்டுக்கறேன். நேத்து என் ரத்தத்தை டெஸ்ட் பண்ணத்தான் போனேன்."

வண்டியில் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அத்தை போய் அதை நிறுத்தினார். அவருக்கு அந்தப் பொத்தான் எங்கே என்று தெரியும்.

திரும்பி வந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன், இல்லை. "எத்தனை நாளா?" என்றார். சொன்னேன். "எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ்வளவு இருந்ததா உனக்கு?" பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நேராகப் பிரகாஷிடம் போனார். "தம்பி, பெட்டியைப் பிரி. தப்பு எங்க வீட்டுது. மத்தவங்களையும் எழுப்பு, நான் மேல வந்து சொல்றேன்." முட்டிவலியோடு ஒவ்வொரு படியாக மூன்று மாடி ஏறினார். பையன் பின்னால் போனான்.

நானும் கன்னியம்மாவும் மட்டும்.

அவள் சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கினாள், நீலத் தொட்டியில் போட்டாள். மன்னிப்புக் கேட்டேன். என்னென்னவோ சொன்னேன். வேண்டுமென்று செய்யவில்லை, மூடி இறுக்கமாகத்தான் போட்டேன், பயம். அவள் தொட்டியின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"செவ்வாக்கெழம நீங்க படியில நின்னுகினு இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்."

"புதங்கெழம தண்ணி குடுத்தீங்க."

"ஆமா."

"எனக்கு ஒரு பொண்ணு கீது மேடம். ரெண்டு வயசு. இன்னும் பால் மறக்கல. எங்கிட்டருந்து அதுக்கு எதுனா ஒட்டிக்கப் போவுதுன்னு மாமியா வூட்ல கொண்டுபோய் வுட்டேன். அம்மான்னு ஓடியாந்துச்சு. கிட்ட வராதன்னு புடிச்சித் தள்ளுனேன். கீழ வுழுந்துச்சு."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்து ஆஸ்பத்திரியிலருந்து நேரா அங்கதான் போனேன். தூக்குனேன். என்கிட்ட வர மாட்டேன்னுது மேடம்."